வடகால் சந்தைக்கு வழி

"நான் கட்டின மார்க்கெட் நிறைஞ்சுடுச்சு. பக்கத்துல இருந்த தெரு செத்துப்போச்சு. ஏன்?"

தணிகாசலம் இதைக் கேட்டபோது தையல்நாயகி அவரைக்கொடிப் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்டீங்களா சார்?"

"முதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"மணி ரெண்டு. பசியில கேட்டா பதில் காதுல ஏறாது. உள்ள வாங்க."

கேட்டவருக்கு வயது அறுபத்திரண்டு. பேர்பெற்ற கட்டடக் கலைஞர். காத்திருக்க வைத்தவளுக்கு நாற்பத்து மூன்று. ஒரு காலத்தில் அவருடைய அலுவலகத்தில், ஜன்னலோர மேசையில், ஆறு வருடம் அவர் சொன்ன கோடுகளை வரைந்தவள். ஒருநாள் பென்சில்களை எல்லாம் சீவி மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏன் போகிறாய் என்று அவர் அன்று கேட்கவில்லை.

இப்போது வடகால் ஊருக்கு வெளியே, ஆற்று மதகுக்குப் பக்கத்தில், இரண்டு அறை வீட்டில் இருந்தாள். அவள் கட்டியவை கொஞ்சம்தான். ஒரு பஸ் நிழற்குடை. துணி துவைக்க ஒரு படித்துறை. ஒரு ரேஷன் கடைக்கு முன்கூரை.

ஆனால் அந்த நிழற்குடையில் நின்றவர்கள் பேச்சு சுவாரசியத்தில் பஸ்ஸை விட்டார்கள். படித்துறையில் துணி காய்ந்த பிறகும் பெண்கள் எழுந்திருக்கவில்லை. இதைக் கேள்விப்பட்டு எங்கிருந்தோ சிலர் தேடி வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் அவளைக் குரு என்றார்கள்.

வந்தவர்களுக்கு அவள் சோறு போட்டாள். பேச்சு அதற்குப் பிறகுதான்.

தணிகாசலம் சாப்பிட்டார். மதகில் தண்ணீர் விழும் சத்தம் வீட்டுக்குள் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவருடைய கோபம் கரைந்துபோய்த் தூக்கம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

"இப்ப சொல்லுங்க சார்."

சொன்னார்.

செங்கழனி என்ற ஊரில் அவர் ஒரு சந்தை கட்டினார். மூன்று மாடி. ஊருக்கு வேண்டிய எல்லாம் உள்ளே. திறந்த அன்றைக்கே கூட்டம் அலைமோதியது. ஒரு வருடம் கழித்துப் பார்க்கப் போனார். கூட்டம் குறையவில்லை. வெளியே வந்து எதிர்த்தெருவைப் பார்த்தார். ஒரு கடை கூடத் திறந்திருக்கவில்லை. வளையல் கடைக்காரர் ஒருவர் மட்டும் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க கட்டினதா சார்?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"ஆமா."

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினார்.

"திட்டியிருந்தா தூங்கியிருப்பேன்" என்றார் தணிகாசலம். "இப்ப வடகால் நகராட்சி கூப்பிட்டிருக்கு. பெரிய கடைத்தெருவுக்கு மறுபடியும் உயிர் வரணும், அதுக்கு ஒரு மார்க்கெட் கட்டிக் குடுங்கன்னு. பென்சில எடுத்தா கோடு ஓட மாட்டேங்குது. நீ... நீங்க..."

"நீன்னே சொல்லுங்க சார். அதுக்காகப் பதில் மாறப்போறதில்ல."

"என்ன செய்யணும்?"

"வரைஞ்சு எடுத்துட்டு வாங்க."

*

வடகாலின் பெரிய கடைத்தெரு நேரான தெரு. ஒரு முனையில் மணிக்கூண்டு. மறுமுனையில் ஆறு. நடுவில் ஐம்பத்திரண்டு கடைகள்.

புறவழிச்சாலை வந்த பிறகு வெளியூர் பஸ்கள் ஊருக்குள் நுழைவதில்லை. டவுன் பஸ் மட்டும் மணிக்கூண்டு வரைக்கும் வந்து திரும்பிப் போகும். ஐம்பத்திரண்டில் பதினோரு கடைகள்தான் திறந்திருந்தன.

காலையில் ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழும். தெருவுக்குள் நுழைந்து, மூடிய கடை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்ப்பதுபோல மெதுவாக மணிக்கூண்டு வரைக்கும் போகும். பத்து மணிக்குக் கலையும். கலைந்த பிறகும் தெருவில் பெரிய வித்தியாசம் தெரியாது.

தணிகாசலம் மணிக்கூண்டுக்குப் பக்கத்து மைதானத்தைத் தேர்ந்தெடுத்தார். பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே சந்தை. இரண்டு மாடி வரைந்தார். காய்கறி, மீன், பூ, பலசரக்கு.

தையல்நாயகி படத்தைத் தரையில் விரித்தாள். காற்றில் சுருளாமல் இருக்க நாலு மூலைக்கும் நாலு கத்தரிக்காய் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல என்ன இல்ல சார்?"

அவருக்கு முகம் சுருங்கியது. குறை என்று தெரிந்தால் நிரப்பவேண்டியதுதானே? போனார். உட்கார இடம் சேர்த்தார். டீக்கடை சேர்த்தார். டிபன் கடை சேர்த்தார்.

மறுபடி வந்தார்.

பார்த்தாள். "இதுல என்ன இல்ல சார்?"

போனார். தையல்காரர்களுக்கு ஒரு வரிசை. மருந்துக் கடை. பாத்திரக் கடை. குழந்தைகள் விளையாட ஒரு மூலை. இரண்டு மாடி மூன்றாகிவிட்டது.

மறுபடி வந்தார்.

"இதுல என்ன இல்ல சார்?"

அன்று திரும்பும்போது டவுன் பஸ்ஸில், மத்தியான வெயிலில், அவர் தூங்கிவிட்டார். கனவில் அந்தக் கட்டடம் வளர்ந்துகொண்டிருந்தது. யாரும் கட்டவில்லை. பூசணிக்காய் பருப்பதுபோல அதுவாகப் பருத்தது. மணிக்கூண்டு அதற்குள் போயிற்று. பள்ளிக்கூடமும் போயிற்று. ஆறு கூட ஒரு குழாய் வழியாக உள்ளே நுழைந்து காணாமல் போயிற்று. ஊர் மொத்தமும் உள்ளே இருந்தது. அவர் மட்டும் வெளியே.

உள்ளே போக வாசலைத் தேடினார். சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாசலே இல்லை. வெளியே வருவதற்கு யாருக்கும் எந்தத் தேவையும் இல்லாததால் வாசல் வைக்கவில்லை என்று உள்ளிருந்து ஒரு குரல் சொன்னது. அவருடைய குரல்தான்.

"சார், மணிக்கூண்டு" என்று கண்டக்டர் தோளைத் தட்டினார்.

*

மறுநாள் காலையிலேயே மதகு வீட்டுக்குப் போய் நின்றார். பனி இன்னும் விலகவில்லை. பந்தல் ஒரு நிழலாகத் தெரிந்தது. அதன் நடுவில் அவள்.

"இதுல இல்லாதது ஒண்ணு சொல்லு பாக்கலாம்!" என்றார். குரல் உயர்ந்தது. "நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். மூணு தடவ வரைஞ்சுட்டேன். ஊசிலேர்ந்து உப்பு வரைக்கும் எல்லாம் இருக்கு. சும்மா என்ன இல்ல, என்ன இல்லன்னா?"

தையல்நாயகி பந்தலிலிருந்து வெளியே வந்தாள். கையில் கயிறு வெட்டும் கத்தரிக்கோல் இருந்தது.

அவருடைய சட்டையின் இரண்டாவது பித்தானை நறுக்கென்று வெட்டினாள். மதகு வாய்க்காலில் போட்டாள்.

தணிகாசலம் குனிந்து வாய்க்காலைப் பார்த்தார்.

"அதே மாதிரி ஒரு பித்தான் வாங்கிட்டு வாங்க சார். பெரிய கடைத்தெருவுலதான் வாங்கணும்."

"இந்தச் சட்டை மெட்ராஸ்ல தச்சது."

"தெரியும் சார்."

*

பிளந்த சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் தெருவில் நடந்தார். ஒன்பது மாதமாக இந்தத் தெருவுக்கு வந்துபோகிறார். அளவெடுக்கிற நாடாவோடு வருவார், வெயில் ஏறுமுன் போய்விடுவார். எதையும் வாங்கியதில்லை.

முதலில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். லில்லி என்று ஒரு பெண்மணி. ரிப்பன் சுருள்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"பித்தானா? உக்காருங்க சார்."

டப்பா டப்பாவாக இறக்கினார். ஒவ்வொரு பித்தானாக அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். "இது கொஞ்சம் மங்கல். இது பெருசு. இது... இல்ல, இதுக்கு ரெண்டு ஓட்டை. உங்களுதுக்கு நாலு."

அரை மணி நேரம் ஆயிற்று. கிடைக்கவில்லை. லில்லிக்கு அதில் வருத்தமே இல்லை.

"இந்த டப்பாவையெல்லாம் திறந்து எத்தன நாளாச்சு!" என்றார். "அடுத்த பொங்கல் வரைக்கும் பாக்கறதா இருக்கேன் சார். அதுக்குமேல முடியாது. தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு." பிறகு ஒரு ஊக்கை எடுத்து நீட்டினார். "அதுவரைக்கும் இதக் குத்திக்கங்க. ஆத்து முனையில உத்தமராசு அண்ணன் இருக்காரு, டெய்லர். அவர்கிட்ட கேட்டுப் பாருங்க."

நடந்தார். பனிக்குள் ஒரு டீக்கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. ஷட்டர் மூடியிருந்தது. படியில் ஒரு பெண் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"டீ இருக்காம்மா?"

"அடுப்பு அணைச்சு ஏழு மாசமாச்சு. தண்ணி வேணா தரேன்."

தண்ணீர் கொண்டுவந்தாள். பெயர் செண்பகம். புருஷன் புறவழிச்சாலை ஓட்டலில் புரோட்டா போடப் போய்விட்டார் என்றாள். சட்டையைப் பார்த்ததும் சிரித்தாள்.

"லில்லி அக்கா ஊக்கா?"

"எப்படித் தெரியும்?"

"யார் வந்தாலும் எதையாவது குத்தி அனுப்புவாங்க."

தணிகாசலமும் சிரித்தார். சிரித்தபோது ஊக்கு குத்தியது.

ஆற்று முனையில் உத்தமராசுவின் கடை. தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வேலை இருக்கிறதே என்று நினைத்தார். உள்ளே போய்ப் பார்த்தால் பழைய துணியில் தலையணை உறை. பக்கத்தில் அதே மாதிரி அறுபது, எழுபது உறைகள் அடுக்கியிருந்தன.

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. மெஷின் சும்மா நின்னா ஓட மறந்துடும் சார்."

உத்தமராசு சட்டையைக் கழற்றச் சொன்னார். மேலும் கீழும் பார்த்தார். கடைசிப் பித்தானை வெட்டினார். அதை இரண்டாவது இடத்தில் வைத்துத் தைத்தார். நூலைப் பல்லால் கடித்தார்.

"போட்டுக்கங்க."

"கீழ ஒண்ணு குறையுதே?"

"அது பேன்ட்டுக்குள்ள போற இடம். குறை அங்க இருந்தா என்ன இப்ப?"

*

அவர் மதகுக்குத் திரும்பியபோது மத்தியானம் தாண்டியிருந்தது.

"பித்தான் கிடைச்சுதா சார்?"

"இல்ல."

"நாலு மணி நேரமாச்சே."

"ஆமா. அந்த லில்லி..."

"லில்லி யாரு சார்?"

சொன்னார். லில்லியைப் பற்றி, அவர் தங்கையைப் பற்றி. செண்பகத்தின் புருஷன் போடும் டீயில் ஏலக்காய் இருக்காது, சுக்கு இருக்கும் என்பதைப் பற்றி. யாருக்கும் இல்லாத தலையணை உறைகளைப் பற்றி. பூட்டுக் கடைக்காரர் உள்ளே கூப்பிட்டு, சாவி தொலைந்த பூட்டுகளைக் காட்டியதைப் பற்றி. அவர் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அலுவலகத்தில் ஆறு வருடத்தில் அவர் அவளிடம் பேசியது மொத்தமும் இந்த அளவுக்கு வராது.

"மறுபடி எப்ப வருவீங்கன்னு உத்தமராசு கேட்டாரு. ஒரு ஜிப்பா தைக்கக் குடுக்கலாம்னு... அவர் கடை ஆத்து முனையில இருக்கு, மணிக்கூண்டுலேர்ந்து போறதுக்குள்ள தெரு முழுக்க..."

நிறுத்தினார்.

வாய்க்காலைப் பார்த்தார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"தையல்நாயகி."

"சார்."

"அழிரப்பர் இருக்கா?"

கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார், சின்னப் பிள்ளை மாதிரி. மூன்றாவது மாடியை அழித்தார். இரண்டாவது மாடியை அழித்தார். டீக்கடையை அழித்தார். டிபன் கடை, தையல் வரிசை, மருந்து, பாத்திரம், பலசரக்கு, விளையாட்டு மூலை. அழித்த தூள் முழங்கைவரை ஒட்டியது. வெயில் சாய்ந்து வீட்டுக்குள் வந்து படத்தின்மேல் விழுந்தது. பிறகு மணிக்கூண்டுப் பக்கத்து மைதானத்தில் இருந்த கட்டடத்தையே அழித்தார்.

தெருவின் மறுமுனையில், ஆற்றங்கரையில், இடிந்த உப்புக் கிடங்கு ஒன்று இருந்த இடத்தில், ஒரு பெரிய கூரை வரைந்தார். சுவர் இல்லை. காய்கறி, கீரை, மீன், பூ. அவ்வளவுதான்.

தையல்நாயகி பார்த்தாள்.

"தண்ணி?"

"இருக்கு. கழிவறையும் இருக்கு. பொம்பளைங்களுக்கு நாலு தனியா."

"சரி சார்."

*

நகர்மன்றத் தலைவி கனகவல்லி அந்தத் தெருவிலேயே பிறந்தவர். அவருடைய அப்பாவின் பாத்திரக் கடையும் மூடிக்கிடந்தது. அந்தக் கடையின் மாடியில்தான் இன்னும் குடியிருந்தார்.

படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பஸ் நிக்கிறது மணிக்கூண்டுல. மார்க்கெட் ஆத்தங்கரையில. ஜனங்க அவ்வளவு தூரம் நடப்பாங்களா?"

"நடக்கணும்."

"வெயில்ல?"

"மேல் மாடிக்குன்னு வச்சிருந்த இரும்பெல்லாம் தெருவுக்கு வந்துடும்மா. ரெண்டு பக்கமும், மணிக்கூண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் கூரை."

"ஒரு டீக்கடை கூட இல்ல."

"எதிர்த்தாப்புலயே இருக்கே."

"அது மூடிக்கெடக்கு சார்."

"ஆமாம்மா."

கனகவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் நடையா நடந்து வாங்கின அனுமதி இது" என்றார். "இது போச்சுன்னா இன்னொரு தடவ யாரும் இந்த ஊரத் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இருக்கற பதினோரு கடையும் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தோத்துட்டா?"

"கல்வெட்டுல என் பேர மட்டும் போடுங்க. உங்க பேர் வேண்டாம்."

"ஜெயிச்சா?"

தணிகாசலம் யோசித்தார்.

"ரெண்டு பேர் பேருமே வேண்டாம்."

கனகவல்லி படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து, ஒரு காலைப் பனியில், செருப்பில்லாமல் மணிக்கூண்டிலிருந்து ஆறுவரை அவர் நடந்துபோனதை உத்தமராசு பார்த்தார். அன்று மாலை கையெழுத்தானது.

*

ஐப்பசியில் திறந்தார்கள்.

முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். இரண்டாவது வாரம் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இவ்வளவு தூரமா? ஒரு காபிக்கு வழியில்லையா? குடை கிழிஞ்சா எங்க போறது? மூன்றாவது வாரம் கூட்டம் மெலிந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது. கூரைக்குக் கீழே கீரைக்கட்டுகள் மாலைவரை அப்படியே இருந்தன.

தணிகாசலம் மதகு வீட்டுக்குப் போனார்.

"தப்புப் பண்ணிட்டனா?"

தையல்நாயகி காய்ந்த அவரைக்கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"தெரியல சார்."

"உனக்குமா தெரியல?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. நேத்து சோறு எறங்கல."

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாதது அவருக்கு ஏதோ ஒரு பிடிமானமாக இருந்தது. பிடுங்கிய கொடிகளை இருவரும் சேர்ந்து மேட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் சந்தைக்குப் போனார். தூறல். ஆறும் வானமும் ஒரே நிறம். மீன் கூடைகளும் கீரைக் கட்டுகளும் வந்து இறங்கியிருந்தன. சுமந்து வந்தவர்கள் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

கீரை விற்கும் பெண் ஒருத்தி விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள். எதிர்க்கடை ஷட்டரைப் படபடவென்று தட்டினாள்.

"யம்மா! உள்ள யாரு? ஒரு டீ போட்டுக் குடும்மா, புண்ணியமாப் போகும்! குளிர்ல வெறைக்குது. இவ்வளவு பெருசாக் கட்டினவனுக்கு ஒரு டீக்கடை வைக்கத் தோணல பாரு. அவனெல்லாம் வெளங்குவானா?"

தணிகாசலம் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

மாடியிலிருந்து செண்பகம் எட்டிப் பார்த்தாள். "கடை இல்லம்மா. மூடியாச்சு."

"அடுப்பு இருக்கில்ல?"

செண்பகம் உள்ளே திரும்பிப் பார்த்தாள். "இருக்கு" என்றாள்.

கீழே வந்தாள். பூட்டைத் திறந்தாள். ஷட்டர் பாதிக்குமேல் ஏறவில்லை. துருப்பிடித்திருந்தது. கீரைக்காரி ஒரு பக்கம் பிடித்தாள். தணிகாசலம் மறுபக்கம் பிடித்தார்.

"தம் கட்டித் தூக்குங்கய்யா" என்று கீரைக்காரி அதட்டினாள். "வெளங்காதவன் கட்டினதுக்கு நாம அவதிப்படறோம்."

"ஆமாம்மா" என்றார் தணிகாசலம். தூக்கினார்.

ஷட்டர் கிறீச்சிட்டு மேலே போயிற்று. உள்ளேயிருந்து பல மாதத்து இருட்டும் சுக்கு வாசனையும் சேர்ந்து வெளியே வந்தன.

அன்று செண்பகம் முப்பது டீ போட்டாள். அவருக்குக் கொடுத்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி குடித்தார். கண்ணில் நீர் வந்தது. சுக்குக் காரம் என்று சொல்லிக்கொண்டார்.

*

அதற்குப் பிறகு நடந்தவை ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் நடந்தன.

செண்பகத்தின் புருஷன் புறவழிச்சாலையிலிருந்து திரும்பி வந்தார். டீ குடிக்க நின்றவர்களுக்குக் கடிக்க ஏதாவது வேண்டியிருந்தது. பக்கத்துக் கடையில் யாரோ வடை போட்டார்கள். மீன் வாங்கினவர்களுக்குச் சட்டி வேண்டியிருந்தது. பூ வாங்கினவர்கள் ரிப்பனுக்கு நின்றார்கள். பொங்கல் வந்தது, போயிற்று. லில்லி தங்கை வீட்டுக்குப் போனார், ஆனால் இரண்டு நாள்தான். தலையணை உறைகளை மொத்தமாக ஒரு விடுதிக்காரர் எடுத்துக்கொண்டார். கனகவல்லி அப்பாவின் கடையைக் கழுவிவிட்டு ஒரு பாத்திரக்காரருக்கு வாடகைக்கு விட்டார்.

யாரும் எந்தக் கல்வெட்டும் வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒரு வருடம் ஆயிற்று.

தணிகாசலம் மதகு வீட்டுக்கு வந்தார். காலை நேரம். சோறு இன்னும் ஆகவில்லை. எனவே கஞ்சி.

"என்ன சார் யோசனை?"

"உயிர் வந்துடுச்சான்னு எனக்குத் தெரியல" என்றார். "தெருவுக்குப் போறேன். கூட்டம் இருக்கு. ஆனா என் கண்ணு நேரா என் கூரையிலதான் போய் நிக்குது. தூண் சரியா இருக்கா, ஓடு நகர்ந்திருக்கான்னு பாக்கறேன். வேற எதுவும் தெரிய மாட்டேங்குது. உயிர் வந்துடுச்சுன்னு எத வச்சுச் சொல்றது?"

தையல்நாயகி அவருடைய கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். அதில் இன்னும் இரண்டு வாய் இருந்தது.

"போய் வழி கேளுங்க சார்."

"எதுக்கு வழி?"

"மார்க்கெட்டுக்கு."

"நான் கட்டினதுக்கு நானே வழி கேக்கணுமா?"

"ஆமா சார்."

டவுன் பஸ் பிடித்து மணிக்கூண்டில் இறங்கினார். பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கூரைக்குக் கீழே நடந்தார். பனிக்குள்ளிருந்து ஆட்கள் தோன்றினார்கள், இடித்துக்கொண்டார்கள், மறைந்தார்கள். எங்கோ வெங்காயம் வதங்கும் வாசனை. ஒரு தையல் மெஷின். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பனிக்குள்ளிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் கொடுத்தார்கள்.

தெருவில் பாதி தூரம்கூட வந்திருக்கமாட்டார். ஒரு பெண்மணி எதிரே நின்றார். அறிமுகமில்லாத முகம். வேற்றூராக இருக்கலாம். ஒரு கையில் பையும் மறுகையில் புதிதாகப் பிடிபோட்ட குடையும். ஒரு செருப்புக் கடையின் வாசலில், வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, இங்க மார்க்கெட்டுக்கு எப்படிப் போகணும்?"

அவர் தணிகாசலத்தை மேலும் கீழும் பார்த்தார். கண் தெரியாதவரோ என்று சந்தேகப்பட்டவர் மாதிரி கொஞ்சம் கிட்டே வந்தார்.

"மார்க்கெட்டுலதான சார் நிக்கிறீங்க."